அன்ஸ்ட்ரதரில் பழைய வீட்டின் சன்னலைத் தொடும் முன்: புதிதாகக் குடிவருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில், ஃபோர்த் கழிமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் துறைமுக ஊர் அன்ஸ்ட்ரதர். இங்குள்ளவர்கள் அதை ஏன்ஸ்டர் என்றே சொல்வார்கள். தச்சரோ கொத்தனாரோ தொலைபேசியில் அப்படிச் சொன்னால் வேறு ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சந்தில், இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட கல் வீடு ஒன்றை நாங்கள் வாங்கினோம். ஒன்பது சன்னல்கள் இருந்தன, ஒன்பதிலும் காற்று புகுந்தது. ஆகஸ்டில் பார்க்கத் தொடங்கினால் குளிருக்கு முன் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கடைசிச் சன்னல் சரியாகி மூடியது அடுத்த ஆண்டு ஜூலையில். அந்தப் பதினோரு மாதத்தில் பாதிக்கு மேல் நானே வரவழைத்துக்கொண்ட தாமதம். செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததுதான் காரணம்.

ஆகவே இந்தக் கட்டுரை வரிசையைப் பற்றியது. நான் ஃபைஃப் நடைமுறையை வைத்து எழுதினாலும் அடிப்படைச் சட்டம் ஸ்காட்லாந்து முழுமைக்கும் ஒன்றே. ஆகையால் ஸ்டோன்ஹேவன், ஆர்பிரோத், ஸ்ட்ரோம்னெஸ் போன்ற மற்றத் துறைமுக ஊர்களில் இருப்பவர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். இங்கிலாந்தில் வாழ்ந்துவிட்டு வடக்கே வருகிறவர்கள் அங்கே கற்றதை இங்கே அப்படியே நம்ப வேண்டாம். கட்டடங்களின் தரப்பிரிவும், மேல்முறையீட்டு வழியும், வீடு வாங்கும் முறையும் இங்கே வேறு.

1. வீடு வாங்கும் முன்பே ஹோம் ரிப்போர்ட்டை முழுவதும் படியுங்கள்

ஸ்காட்லாந்தில் வீட்டை விற்பவரே ஹோம் ரிப்போர்ட் என்ற அறிக்கையைத் தயாரித்துத் தர வேண்டும். 2008 டிசம்பர் முதல் இது கட்டாயம். அதில் கட்டட ஆய்வு, எரிசக்தி அறிக்கை, விற்பவர் நிரப்பும் கேள்வித்தாள் என்று மூன்று பகுதிகள் உண்டு. எல்லோரும் ஆய்வைப் படித்து விலையைப் பார்ப்பார்கள், கேள்வித்தாளைத் தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அந்தக் கேள்வித்தாளில்தான் வீடு பட்டியல் கட்டடமா (அதாவது சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டடமா), பழைய தோற்றம் கெடாமல் காக்கப்படும் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறதா, முன்பு சன்னல் கதவுகள் மாற்றப்பட்டனவா, வீட்டில் செய்த மாற்றங்களுக்கு அனுமதி பெற்றார்களா என்ற கேள்விகள் இருக்கின்றன.

இதில் ஒரு கண்ணி உண்டு. பட்டியல் கட்டடத்தை மாற்றக் கவுன்சில் தரும் அனுமதிக்கு இசைவு என்று பெயர்; முந்தைய உரிமையாளர் அதைப் பெறாமல் பிளாஸ்டிக் சன்னல் வைத்துவிட்டுப் போயிருந்தால், அதை நீக்கச் சொல்லும் அறிவிப்பு இப்போதைய உரிமையாளருக்கே வரும். சாதாரணத் திட்ட மீறல்களுக்கு இருப்பதுபோல் இத்தனை ஆண்டு கடந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற காலவரம்பு பட்டியல் கட்டடங்களுக்கு இல்லை. ஆகவே வாங்கும் விலையைப் பேசும்போதே, நடந்த மாற்றங்களுக்கான இசைவுக் கடிதங்களைக் கேட்கும்படி உங்கள் சொலிசிட்டரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தக் கடிதங்கள் கைமாறி முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

2. உங்கள் வீடு எந்தப் பதிவுக்குள் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஸ்காட்லாந்தில் கட்டடங்களைப் பட்டியலில் சேர்ப்பது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு. அதன் இணையதளத்தில் முகவரியாலும் வரைபடத்தாலும் இலவசமாகத் தேடலாம். வரைபடத்தில் தேடுவதே நல்லது, ஏனெனில் முகவரித் தேடல் இந்த ஊர்களில் அடிக்கடி ஏமாற்றும். எங்கள் வீட்டு வாசல் சந்தில் இருக்கிறது. பதிவோ முன்தெருவின் பெயரில், மூன்று வீடுகளைச் சேர்த்து ஒரே எண்ணில் இருக்கிறது. சந்தின் பெயரைத் தட்டிப் பார்த்து ஒன்றும் வராததால் எங்கள் வீடு பட்டியலில் இல்லை என்று முடிவு கட்டினேன். என் பதினோரு மாதத் தாமதத்தின் வேர் அந்த இரண்டு நிமிடத் தேடல்.

இன்னொரு குழப்பமும் வரும். அன்ஸ்ட்ரதர் ஈஸ்டர், அன்ஸ்ட்ரதர் வெஸ்டர், செல்லார்டைக்கை உள்ளடக்கிய கில்ரெனி ஆகியவை ஒரு காலத்தில் தனித்தனி நகராட்சிகள், 1930இல் ஒன்றாக்கப்பட்டன. பதிவில் இந்த மூன்று பெயர்களும் சேர்ந்த நீண்ட நகராட்சிப் பெயர் இருக்கும். துறைமுகத்துக்கு எதிரே வீடு வைத்திருப்பவர் தம் பதிவில் கில்ரெனி என்று கண்டு வேறு வீட்டின் தாள் என்று மூடிவிட வேண்டாம்.

பதிவில் ஏ, பி, சி என்று ஒரு தரம் இருக்கும். தரம் சி என்றால் கெடுபிடி குறைவு, உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பலர் சொல்வார்கள், அது தவறு. மூன்று தரங்களுக்கும் இசைவு பெறும் கடமை ஒன்றே. பாதுகாப்பு வெளிச்சுவருக்கு மட்டுமல்ல, உட்புறத்துக்கும், கட்டடத்தோடு பொருத்தப்பட்டவற்றுக்கும், வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன் எழுந்த கொட்டகை, மதில் போன்றவற்றுக்கும் பரவும். பதிவில் உள்ள வருணனை இரண்டு வரியில் முடிந்திருந்தால், அதில் சொல்லப்படாத மாடிப்படியும் சன்னல் உட்கதவும் பாதுகாப்புக்கு வெளியே என்று பொருளில்லை. 2015 அக்டோபருக்குப் பின் எழுதப்பட்ட சில பதிவுகளில் மட்டும் இன்ன பகுதி சேராது என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்கள்.

வீடு பட்டியலில் இல்லாவிட்டாலும் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கலாம். அந்த எல்லைகளை வரைவது கவுன்சில். வரைபடம் அவர்களுடைய இணையதளத்தில் கிடைக்கும். பட்டியலில் இல்லாத வீடுகளின் சன்னல்களுக்கு 2024 மே மாதம் சில தளர்வுகள் வந்தன. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பட்டியல் வீட்டுக்காரர்கள் மகிழ்வதற்கு இடமில்லை. இசைவு பெறும் கடமை அவர்களுக்கு அப்படியே இருக்கிறது. இசைவின்றி வேலை செய்வது குற்றவியல் குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. சன்னல் கம்பெனிக்கு முன்பணம் தராதீர்கள்

இதைத் தனிப் படியாக எழுத வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்ததால்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், பழையது போலவே புதியது வைத்தால் அனுமதி தேவையில்லை என்று உறுதியாகச் சொன்னார். நான் முன்பணம் கொடுத்தேன். திரும்பக் கிடைத்தது அதில் பாதி. அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது: உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அதே மரம், அதே வடிவில் ஒட்டுப்போடும் பழுதுபார்ப்புக்குப் பொதுவாக இசைவு தேவைப்படாது. ஆனால் சன்னலின் மரச் சட்டத்தையும் கண்ணாடியையும் முழுதாக எடுத்துவிட்டுப் புதிது வைப்பது வேறு. எது பழுதுபார்ப்பு, எது மாற்றம் என்று முடிவு செய்வது கவுன்சிலின் திட்டப் பிரிவு, விற்பவரல்லர். அந்த முடிவையும் வாய்ச்சொல்லாக வாங்காமல் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

4. வரைபடம் தொடங்கும் முன் ஊரை ஒருமுறை நடந்து பாருங்கள்

இது சுற்றுலாவுக்காக அன்று. உங்கள் சன்னலின் சரியான வடிவம் எது என்பதை அறிய இதைவிட மலிவான வழி இல்லை. ஷோர் ஸ்ட்ரீட்டில் துறைமுகத்தைப் பார்த்த வீட்டு வரிசையில் தொடங்கி, பின்னால் செல்லும் வைண்ட் எனப்படும் சந்துகள் வழியாக மேலேறி, ட்ரீல் ஓடையைக் கடந்து வெஸ்டரின் ஹை ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். பிறகு எதிர்த்திசையில் செல்லார்டைக்கின் ஜேம்ஸ் ஸ்ட்ரீட், ஜான் ஸ்ட்ரீட் வழியாக அதன் சிறு துறைமுகம் வரை நடங்கள். நின்று பார்த்தாலும் அரை நாளில் முடியும். படிப்படியாக ஏறும் முக்கோணச் சுவர்கள், வளைந்த சிவப்பு ஓடுகள், வெளிப்புறக் கல் படிகள் எல்லாம் கண்ணில் படும்; நீங்கள் சன்னலை மட்டும் பாருங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு சட்டத்திலும் எத்தனை கண்ணாடித் துண்டுகள்: மேலே ஆறு கீழே ஆறு இருப்பது பழைய வழக்கம், மேலே இரண்டு கீழே இரண்டு பிந்தையது. இரண்டாவது, மேல்சட்டத்தின் அடிமூலைகளில் கொம்பு போன்ற சிறு மர நீட்சி இருக்கிறதா என்பது. பெரிய, கனமான கண்ணாடி வந்தபின்தான் அது தேவைப்பட்டது. ஆறுக்கு ஆறு சன்னலில் கொம்பு வைத்து வரைந்தால் அதிகாரி முதலில் அதையே சுட்டிக்காட்டுவார். மூன்றாவது, சன்னல் சுவரின் வெளிமுகத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற அளவு.

வழியில் சிப்பிகளால் முகப்பை அலங்கரித்த பக்கி ஹவுஸையும், 1590இல் ஜேம்ஸ் மெல்வில் கட்டிய போதகர் இல்லத்தையும், 1969 முதல் மீன்பிடி அருங்காட்சியகமாக இருக்கும் செயின்ட் ஐல்ஸ் கட்டடத் தொகுதியையும் பார்ப்பீர்கள். இவற்றைப் படம் பிடித்து விண்ணப்பத்தில் சேர்க்கும் ஆசை வரும். வேண்டாம். உங்கள் வீட்டுக்கு ஒப்பான, அதே காலத்து, அதே தெருவின் வீடுகளே உங்களுக்குப் பயன்படும்.

பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் சன்னல் இருக்கிறதே என்ற வாதமும் எடுபடாது. அது பட்டியலுக்கு முந்தியதாக இருக்கலாம், இசைவின்றி வைத்ததாகவும் இருக்கலாம். இரண்டும் உங்களுக்கு முன்னுதாரணம் ஆகாது. இசைவு கேட்கப் போய் அக்கம்பக்கத்தாரைக் காட்டிக்கொடுத்த பழியும் வந்து சேரும்.

தேவாலயத்தைக் காட்டி வாதிடுவது அதைவிட வீண். 1634இல் எழுந்த செயின்ட் ஏட்ரியன்ஸ் போன்ற பழைய கோயில்கள் பட்டியலில் இருந்தாலும், வழிபாட்டில் இருக்கும் கட்டடங்களுக்கு ஸ்காட்லாந்துச் சட்டம் தனி விலக்கு அளிக்கிறது. அவை இருக்கைகளை எடுப்பதும் உட்புறத்தை மாற்றுவதும் இந்த இசைவுக்குள் வராது. வெளிப்புற வேலைகளுக்கு மட்டும் திருச்சபைகள் தாமாக ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாட்டின்படி விண்ணப்பிக்கின்றன. கோயிலை விற்று வீடாகவோ மண்டபமாகவோ ஆக்கினால் அந்த விலக்கு முடிந்துபோகும். ஸ்காட்லாந்தில் இப்போது பல கோயில்கள் விற்பனைக்கு வருகின்றன, விலையும் ஆசை காட்டுகிறது. அவற்றில் ஒன்றை வாங்கக் கருதுபவர்கள், இந்தக் கட்டுரையில் சன்னல் என்று வரும் இடமெல்லாம் கூரை, கோபுரம், சுற்றியுள்ள கல்லறை நிலத்தின் வழியுரிமை என்று சேர்த்துப் படித்துக்கொள்வது நல்லது.

5. பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்று சன்னல் சன்னலாக முடிவு செய்யுங்கள்

இந்த ஊர்களின் வழக்கமான சன்னல், கயிற்றிலும் எடைக்கட்டியிலும் தொங்கி மேலும் கீழும் நகரும் இரண்டு மரச் சட்டங்கள் கொண்டது. சாஷ் அண்டு கேஸ் என்பார்கள். மரம் முழுவதும் போய்விட்டது என்று வெளியில் நின்று தோன்றும். பெரும்பாலும் கீழ்ச்சட்டத்தின் அடிக்கட்டையும் வாசற்படிபோல் கீழே இருக்கும் மரமும் மட்டுமே உளுத்திருக்கும். அதிகாரிகளின் கொள்கையும் அதுவே: பழுதுபார்க்க முடிந்ததை மாற்றக் கூடாது. ஒன்பதையும் மாற்றக் கேட்ட என் முதல் விண்ணப்பம், ஆறைப் பழுதுபார்த்து மூன்றை மட்டும் மாற்றும் விண்ணப்பமாகச் சுருங்கியது. உண்மையைச் சொன்னால், மதிப்பீடுகள் வந்தபின் எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது.

குளிரைத் தடுக்க இரட்டைக் கண்ணாடி ஒன்றே வழி என்று நினைப்பவர்கள் ஒரு சோதனை முடிவை அறிய வேண்டும். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் மரபுச் சன்னல்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, ஒற்றைக் கண்ணாடி வழியாகப் போகும் வெப்பத்தைக் கனத்த திரை 14 சதவீதமும், மர உட்கதவு 51 சதவீதமும், உட்புறத்தில் பொருத்தும் துணைக் கண்ணாடி 63 சதவீதமும் குறைத்தது தெரியவந்தது. பல பழைய வீடுகளில் அந்த மர உட்கதவுகள் பெயிண்ட் பூசி ஒட்டிப்போன நிலையில் சன்னல் பக்கவாட்டிலேயே இருக்கின்றன. எங்கள் வீட்டில் நான்கு சன்னல்களில் இருந்தன, விற்றவருக்கே தெரியாது. பழைய பெயிண்டைச் சுரண்டும் முன் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உலர்ந்த நிலையில் உரசித் தேய்க்கவே கூடாது.

6. ஆவணங்களைத் திரட்டுங்கள்

விண்ணப்பம் முடங்குவது பெரும்பாலும் இங்கேதான். தேவையானவை இவை.

இருப்பிட வரைபடம்: 1:1250 அளவில், வடதிசை குறித்து, உங்கள் வளாகத்தைச் சிவப்புக் கோட்டால் சுற்றிக் காட்ட வேண்டும். இணைய வரைபடத்தைப் படமெடுத்து ஒட்டினால் ஏற்க மாட்டார்கள். அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் முப்பது பவுண்டுக்குள் வாங்கிவிடலாம்.

முகப்பு வரைபடங்கள்: இப்போதுள்ள நிலையும் திட்டமிடும் நிலையும் தனித்தனியாக, 1:50 அல்லது 1:100 அளவில். ஒவ்வொரு தாளிலும் அளவுகோல், தாளின் பருமன், தேதி, வரைபட எண் இருக்க வேண்டும். என் விண்ணப்பம் முதல்முறை திரும்பியது ஒரே ஒரு தாளில் அளவு எழுதாததால்.

சன்னல் வெட்டுத்தோற்றங்கள்: மாற்றும் சன்னலுக்கு நெடுக்கும் குறுக்கும் வெட்டிக் காட்டும் பெரிய அளவு வரைபடங்கள், கண்ணாடிகளைப் பிரிக்கும் மரக் கம்பியின் தடிமன் மில்லிமீட்டரில். இதை நல்ல தச்சுப் பட்டறையே வரைந்து தரும். மதிப்பீடு கேட்கும்போதே வரைபடமும் சேருமா என்று கேளுங்கள்.

நிலை அறிக்கை: ஒவ்வொரு சன்னலுக்கும் ஓர் எண் கொடுத்து, முகப்பு வரைபடத்தில் அதே எண்ணைக் குறித்து, வெளியிலும் உள்ளேயும் எடுத்த படங்களோடு எந்தப் பகுதி உளுத்திருக்கிறது, ஏன் ஒட்டுப்போட முடியாது என்று எழுதுவது. முழு விண்ணப்பத்திலும் அதிகாரி மிகக் கவனமாகப் படிக்கும் தாள் இதுதான். வரைபடத்தில் நான்காம் எண், படத்தில் ஐந்தாம் எண் என்று நான் மாற்றிப் போட்டதைத் திருத்தவே இரண்டு வாரம் போயிற்று.

உரிமைச் சான்று: தனி வீடென்றால் எளிது. மாடிக் குடியிருப்பு என்றால், நீங்கள் தொடும் சுவரோ கூரையோ பொதுவாக இருக்கலாம்; அப்போது மற்ற உரிமையாளர்களுக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டே விண்ணப்பிக்க முடியும். யாருக்கு எது என்பது நிலப் பதிவு அலுவலகமான ரெஜிஸ்டர்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்தின் பத்திரத்தில் இருக்கும். சில பவுண்டுகளில் இணையத்திலேயே எடுக்கலாம். நீண்ட காலம் கைமாறாத வீடுகள் 1617இல் தொடங்கிய பழைய சாசைன் பதிவேட்டிலேயே இருக்கக்கூடும். அவற்றுக்கு வரைபடம் இருக்காது, தேடிப் படிக்கச் சொலிசிட்டரின் துணை வேண்டியிருக்கும்.

7. விளக்க அறிக்கையை நீங்களே எழுதலாம்

கட்டடத்தில் எது முக்கியம், உங்கள் வேலை அதை எப்படிப் பாதிக்கும் என்று இரண்டு மூன்று பக்கத்தில் சொல்லும் அறிக்கை இது. இதற்கு ஆலோசகரை வைத்து நூற்றுக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை, சன்னல் வேலைக்கு நிச்சயமாக இல்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்கள் இலவசம். உங்கள் வீட்டின் பின்கட்டு எப்போது முளைத்தது என்று இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டாலே தெரியும். பழைய புகைப்படங்களுக்கு ட்ரோவ்.ஸ்காட் தளத்தைப் பாருங்கள். முன்பு இருந்த கான்மோர் தளம் 2025 ஜூனில் மூடப்பட்டு இதனுள் வந்துவிட்டது, ஆகவே பழைய கட்டுரைகளில் உள்ள இணைப்புகள் வேலை செய்யாவிட்டால் திகைக்க வேண்டாம். ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் 1855 முதலான மதிப்பீட்டுப் பதிவேடுகளில், வீட்டில் யார் குடியிருந்தார்கள், என்ன தொழில் என்றெல்லாம் கிடைக்கும். பக்கங்களைப் பார்க்க அங்கே புள்ளிகள் வாங்க வேண்டும்; நான் வாங்கியபோது 30 புள்ளிகள் ஏழரைப் பவுண்டு. ஒரு பதிவேட்டுப் பக்கத்துக்கு இரண்டு புள்ளிகள். எங்கள் வீட்டில் குடியிருந்தவர்களைத் தேடித் தேடி மூன்று இரவுகள் கண் விழித்தேன், அதில் ஒரு வரிகூட விண்ணப்பத்துக்கு உதவவில்லை. ஆசைக்குத் தேடுங்கள், அறிக்கைக்குத் தேவை சன்னலின் வயது மட்டுமே.

8. விண்ணப்பியுங்கள், பிறகு காத்திருங்கள்

விண்ணப்பம் ஸ்காட்லாந்து முழுமைக்குமான இணைய வாயிலில் பதிவேற்றப்படுகிறது. பட்டியல் கட்டட இசைவுக்கு நான் விண்ணப்பித்தபோது கட்டணம் இல்லை. ஆனால் வெளித்தோற்றம் மாறும் வேலைக்குத் திட்ட அனுமதியும் தேவைப்பட்டால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. 2022 ஏப்ரலில் 300 பவுண்டாக்கப்பட்ட அக்கட்டணம் பின்னர் மேலும் உயர்ந்திருக்கிறது. இரண்டும் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டு, வேண்டுமென்றால் ஒரே நாளில் சேர்த்துப் போடுங்கள். ஒன்று கிடைத்தது மற்றதற்கு ஈடாகாது. முன்கூட்டியே ஆலோசனை கேட்பதற்குச் சில கவுன்சில்கள் கட்டணம் வாங்குகின்றன. மூன்று நான்கு சன்னல்களுக்கு அது மிகை, தரைத்தளச் சுவரை உடைப்பதென்றால் அது மலிவு.

முடிவுக்கான காலம் இரண்டு மாதம் என்று எங்கும் எழுதியிருக்கும். கவனிக்க வேண்டியது, அந்த இரண்டு மாதம் நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து ஓடாது; எல்லாத் தாள்களும் சரியாக இருப்பதாக ஏற்று எண் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். இடையில் வீட்டு முன் அறிவிப்பு ஒட்டி, செய்தித்தாளிலும் அறிவித்து, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 21 நாள் விடுவார்கள். தீயில் கருகிய வீட்டுக்கு ஒட்டுவதுபோல் விளக்குக் கம்பத்தில் ஒரு தாள் தொங்கும். தெருவில் எல்லோரும் கேட்பார்கள். வெட்கப்படாமல் வரைபடத்தைக் காட்டுங்கள், எங்கள் தெருவில் நல்ல தச்சரின் பெயர் எனக்குக் கிடைத்தது அந்தத் தாளால்தான்.

இசைவுக் கடிதம் வந்ததும் வேலையைத் தொடங்கிவிடாமல் நிபந்தனைகளைப் படியுங்கள். மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெறும்வரை வேலை தொடங்கக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. அதை நிறைவேற்ற இன்னும் சில வாரம் ஆகும். இசைவு பொதுவாக மூன்றாண்டுக்குச் செல்லும், ஆகையால் அவசரமில்லை. மறுத்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் ஸ்காட்லாந்து அமைச்சர்களுக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதிகாரியோடு பேசி, திருத்திய வரைபடத்தோடு மீண்டும் விண்ணப்பிப்பது பெரும்பாலும் விரைவாக முடியும்.

9. வேலைக்கான மாதத்தைக் கடற்காகங்களிடம் கேளுங்கள்

துறைமுக ஊரில் வேலைக் காலத்தை முடிவு செய்வது உங்கள் விடுப்பு மட்டுமல்ல. புகைபோக்கிகளிலும் கூரை மடிப்புகளிலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கடற்காகங்கள் கூடு கட்டும். பயன்பாட்டில் உள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். முட்டையிட்டபின் சாரம் கட்டப் போனால் தொழிலாளர்களின் தலையைக் கொத்தும் என்பது சட்டத்தில் இல்லை, ஆனாலும் உண்மை. கூரையில் வௌவால் இருந்தால் இன்னும் கடினம். அவற்றுக்கான ஆய்வைக் கோடையில்தான் செய்ய முடியும், தேவைப்பட்டால் நேச்சர்ஸ்காட் அமைப்பிடம் உரிமமும் வாங்க வேண்டும்.

மறுபுறம், சன்னலைச் சுற்றிக் கல்லிடுக்குகளை அடைக்கும் சுண்ணாம்புக் கலவை, வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போனால் சரியாக இறுகாது. ஆகவே அக்டோபர் தாண்டினால் கொத்தனார் வர மாட்டார். அவசரத்தில் சிமெண்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். சிமெண்டு ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், பக்கத்து மணற்கல் உப்பும் பனியும் சேர்ந்து பொருக்குப் பொருக்காக உதிரும். கூரையைத் தொடாத சன்னல் வேலைக்கு மே, ஜூன் நல்லது. கூரையும் சேர்ந்தால் ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் முடிய உள்ள குறுகிய இடைவெளிதான் கிடைக்கும். அதற்கேற்ப விண்ணப்பத்தை முந்தைய குளிர்காலத்திலேயே போட வேண்டும்.

தெருவில் சாரம் நிறுத்த கவுன்சிலின் சாலைப் பிரிவிடம் தனி அனுமதி வேண்டும். சந்துகளில் சாரம் கட்டினால் தள்ளுவண்டியோ ஆம்புலன்ஸ் தூக்குப்படுக்கையோ போக இடமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தின் அகலத்தை அளந்து எழுதிக்கொடுங்கள்.

10. பணம்

எனக்கு வந்த மதிப்பீடுகளில் ஒரு சன்னலைப் பழுதுபார்த்துக் காற்றுத்தடுப்பு வைப்பதற்கு 600 முதல் 900 பவுண்டு வரையும், புதிய மரச் சன்னலுக்கு அதைப்போல இரண்டரை மடங்கும் கேட்டார்கள். சாரம் தனி. மெல்லிய இரட்டைக் கண்ணாடி போட்டால் சட்டத்தின் கனம் கூடுவதால் எடைக்கட்டிகளையும் மாற்ற வேண்டும். இந்தச் செலவை மதிப்பீட்டில் பலர் காட்ட மாட்டார்கள், கேட்டு எழுதி வாங்குங்கள்.

வாட் வரியைப் பற்றி ஊரில் ஒரு பழைய நம்பிக்கை உலவுகிறது: பட்டியல் கட்டடத்தில் இசைவு பெற்ற மாற்றத்துக்கு வரி இல்லை என்பது. அந்தச் சலுகை 2012 அக்டோபர் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது பழுதுபார்ப்புக்கும் மாற்றத்துக்கும் 20 சதவீதம் உண்டு. எரிசக்தி சேமிப்புப் பொருள்களுக்கான பூச்சிய வரி 2027 மார்ச் 31 வரை இருக்கிறது. அதில் காற்றுத்தடுப்புப் பட்டைகள் பொருத்துவது சேரும், இரட்டைக் கண்ணாடி சேராது. ஆகவே காற்றுத்தடுப்பை ரசீதில் தனிக் கணக்காகக் காட்டும்படி தச்சரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

11. தாள்களை ஒரே உறையில் வையுங்கள்

இசைவுக் கடிதம், முத்திரையிட்ட வரைபடங்கள், நிபந்தனை நிறைவேறியதற்கான மின்னஞ்சல், தச்சர் கொத்தனார் ரசீதுகள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை அச்செடுத்து, பத்திரத்தோடு வையுங்கள். மின்னஞ்சலில் இருக்கிறதே என்று விட்டுவிட்டால் நீங்கள் முகவரி மாற்றும் நாளில் அது காணாமல் போகும். பின்னாளில் வீட்டை விற்கும்போது அதே ஹோம் ரிப்போர்ட்டின் அதே கேள்வித்தாளை நீங்கள் நிரப்ப வேண்டியிருக்கும். சன்னல் மாற்றினீர்களா, எப்போது, அனுமதி பெற்றீர்களா என்ற கேள்விகளுக்கு விடை அந்த உறையின் முதல் தாளிலேயே இருக்க வேண்டும்.